ஒருவர் படிக்கப் பலர் கேட்ட வரலாறு



சிறு பட்டணங்களில் உள்ள பொது நூலகத்தைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட், கோத்தா திங்கி போன்ற ஊர்களுக்குச் சாமான் வாங்கப் போகும்போது நம்மில் பலரும் நூலகக் கட்டடத்தைக் கடந்துதான் போகிறோம். உள்ளே நுழைவோரோ மிகச் சிலர். "அது படித்தவர்களுக்கு உரிய இடம். நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பெற்றோர் சொல்வதைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். இந்த எண்ணம் சரிதானா? வரலாற்றைத் துணையாகக் கொண்டு இதை ஆராய்ந்து பார்ப்போம்.

நூலாசிரியர் ஒருவர் மக்கள் முன்னால் வந்து நின்று தம் நூலைப் படிப்பதும், கேட்டவர்கள் கேள்வி கேட்பதும் இன்று நூலகங்களில் நடைபெறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று. இதைப் புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். நம் மொழியில் இதற்கு அரங்கேற்றம் என்ற பழைய பெயர் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் புலவர் கேட்க அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் கூறுகிறது. கம்பர் தம் இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அவைகளில் கேட்டவர்கள் மன்னரும் புலவரும் பெரியோரும் ஆவர். நெல் விதைத்தவனுக்கும் நூல் நூற்றவளுக்கும் அங்கே இடம் இருந்ததாகப் பாயிரம் சொல்லவில்லை.

உழைப்பவர்களுக்கும் அவையில் இடம் வேண்டும் என்ற எண்ணம் உலகில் மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியர் இருந்தார். இளமையில் காலணி மைத் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை செய்தவர் அவர். 1853ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பர்மிங்காம் நகர மண்டபத்தில், கல்வி நிலையம் ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காகத் தம் கதைகளை மூன்று நாள் படித்துக் காட்டினார். மூன்றாம் நாளாகிய டிசம்பர் 30ஆம் தேதியைத் தொழிலாளர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும், அவர்களால் கொடுக்கக்கூடிய சிறு கட்டணமே வாங்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். அன்று மண்டபம் நிறைந்தது. எழுதியவரும், உடல் உழைத்துப் பிழைப்பவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே கதைக்குச் சிரித்தார்கள், கலங்கினார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று கியூபா நாட்டிலிருந்து வருகிறது. அதுவும் நம்மைப் போலவே தோட்டப் பயிரை நம்பி வாழ்ந்த நாடு. கரும்பும் புகையிலையும் அங்கே விளைந்தன. தலைநகரான ஹவானாவில் இருந்த சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து சுருட்டு உருட்டினார்கள். கைக்கு வேலை உண்டு, காதுக்கு வேலை இல்லை. 1865ஆம் ஆண்டில் அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுருட்டு உருட்டியபடியே கேட்பார்கள். படிப்பவருக்கு முதலாளி சம்பளம் கொடுக்கவில்லை. தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எழுத்தறியாதவர்கள்கூட உலகப் புகழ்பெற்ற நாவல்களை முழுவதுமாக அறிந்திருந்தார்கள் என்றால், அதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1866ஆம் ஆண்டிலேயே தடை போட்டார்கள். ஆயினும் அந்த வழக்கம் அழிந்துவிடவில்லை. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குப் போன கியூபத் தொழிலாளர்கள் அதையும் தம்முடன் கொண்டு சென்றார்கள். 1931ஆம் ஆண்டில் அங்குள்ள டாம்பா நகரத்து முதலாளிகள் படிப்பவர்களை ஆலைகளிலிருந்து நீக்கினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பயன் இல்லை. அந்த மேடைகளில் பின்னர் என்ன வந்தது தெரியுமா? வானொலிப் பெட்டி! வானொலி வழியாகப் பேசும் நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானொலி நல்ல துணைதான். ஆனால் கேட்பவர் விரும்பிய நூலை அது எடுத்துப் படிக்காது. "அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள்" என்று அதனிடம் கேட்கவும் முடியாது.

அதே 1931ஆம் ஆண்டில், நம் முன்னோர்களில் பலர் கப்பலேறி வந்த தஞ்சை மாவட்டத்தில் வேறொரு காரியம் நடந்தது. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் என்பவர் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். அந்தக் காலத்தில் பல நூலகங்கள் நூலைப் பூட்டி வைப்பதையே தம் கடமை என்று நினைத்தன. அரங்கநாதன் இதை மாற்றினார். நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் இருப்பது பயன்படுவதற்காகவே என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். ஒவ்வொரு வாசகருக்கும் என்று சொன்னபோது அவர் யாரையும் விலக்கவில்லை. பட்டணத்து வக்கீலும் வாசகர், கிராமத்து உழவரும் வாசகர்.

விதி எழுதினால் போதுமா? உழவர் பட்டணத்துக்கு வர முடியாதபோது நூல் உழவரிடம் போக வேண்டும் அல்லவா? அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் மன்னார்குடிப் பகுதியில் நூலக மாட்டுவண்டி ஒன்று புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பவர் அதை அமைத்தார். நெல்லும் வைக்கோலும் ஏற்றிப் போன பாதையில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மாடுகள் ஊர் ஊராக நடந்தன. பின்னர் 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. அதற்கு அரங்கநாதன் பெரிதும் உழைத்தார். சட்டத்துக்கு முன்னால் வண்டி போயிற்று என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களில் நூலகக் கட்டடம் எங்கே இருந்தது? ஆனால் படிப்பு இருந்தது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களுக்கு வந்தன. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். லயத்து வாசலில் குந்தியிருந்து மற்றவர்கள் கேட்பார்கள். விடியலில் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, பால் எடுத்து, வாளி சுமந்து திரும்பியவர்கள் மாலையில் செய்தியும் கதையும் கேட்டார்கள். ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனினும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் அதே வழியைத் தாமாகவே கண்டுகொண்டார்கள்.

கேட்டவர்கள் கேட்பதோடு நிற்கவில்லை. 1950, 1951ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசன் "கதை வகுப்பு" ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று இதழிலேயே பாடம் சொன்னார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பியவற்றைத் தரம் பிரித்துக் காட்டினார்கள். நம் நாட்டுத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியில் இந்த வகுப்புக்குத் தனியிடம் உண்டு. அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணி ஆசிரியராக இருந்த தமிழ் முரசு "மாணவர் மணிமன்றம்" என்ற பகுதியைத் தொடங்கிப் பிள்ளைகளை எழுத வைத்தது. அந்தப் பெயரை ஏற்று மணிமன்றங்கள் பல ஊர்களில் எழுந்தன. இன்றைய மொழியில் சொன்னால் இவையெல்லாம் வாசிப்புத் திட்டங்களே. கட்டடம் இல்லாத நூலகங்கள் என்றும் இவற்றைச் சொல்லலாம். தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் அது உருவாக்கிய வாசகர்களும் எழுத்தாளர்களும் நம் வரலாற்றில் நிற்கிறார்கள்.

நம் ஜொகூர் மாநிலத்துக்கு இதில் தனிப் பெருமை உண்டு. 1888ஆம் ஆண்டிலேயே ஜொகூர் பாருவில் மலாய் அன்பர்கள் கூடி, மொழியறிவைக் கற்கவும் கற்பிக்கவும் ஒரு சங்கம் கண்டார்கள். அரசர் ஆதரவால் அது வளர்ந்தது. தம் மொழியைக் காக்க ஒரு சமுதாயம் கூடிப் படிக்க வேண்டும் என்பதை நம் அண்டை வீட்டார் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்னொரு செய்தி மூவாரில் தொடங்குகிறது. லீ கோங் சியான் என்னும் சீனப் பெருமகனார் சீனாவிலிருந்து பத்து வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். 1920களின் இறுதியில் மூவாரில் இரப்பர் புகையிடும் ஆலை தொடங்கி, பின் இரப்பர் வணிகத்தில் பெருஞ்செல்வர் ஆனார். அக்காலத்தில் சிங்கப்பூரில் இருந்த இராஃபிள்ஸ் நூலகத்தில் நூல் இரவல் பெறச் சந்தா கட்ட வேண்டும். நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலமே. 1953இல் லீ கோங் சியான் புதிய நூலகத்துக்கு 375,000 வெள்ளி தர முன்வந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும், மக்களின் தாய்மொழிகளுக்கு அங்கே இடம் வேண்டும் என்பதே அது. 1957இல் அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12ஆம் நாள் அந்தத் தேசிய நூலகம் திறக்கப்பட்டது. மலாய், சீன, ஆங்கில நூல்களோடு தமிழ் நூல்களும் அங்கே இடம்பெற்றன. அந்தக் கட்டடம் 2004இல் இடிக்கப்பட்டாலும், 2005இல் எழுந்த புதிய நூலகத்தின் ஆய்வுப் பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரப்பரில் விளைந்த பணம் ஒரு நூலகம் ஆயிற்று. அந்த இரப்பர் தானாகக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. மரத்தடியில் குனிந்து நிமிர்ந்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இருந்ததால் அல்லவா இரப்பர்ச் செல்வம் உண்டாயிற்று? அவ்வாறிருக்க, "நூலகத்தில் நமக்கென்ன வேலை" என்று நாம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இன்று நம் நாட்டில் நூலகங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. தேசிய நூலகச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. பொது நூலகங்கள் மாநிலங்களின் பொறுப்பில் உள்ளன. ஜொகூரில் மாநிலப் பொது நூலகக் கழகம் ஊர்களில் கிளைகளை நடத்துகிறது. 2020ஆம் ஆண்டுக்குக் கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது. ஆகவே வாசல் திறந்தே இருக்கிறது.

மறுபுறத்தில் நம் நிலை மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, வேறு இடங்களில் வீடுகள் வந்தன. லயங்கள் கலைந்தபோது, ஒருவர் படிக்கப் பலர் கேட்ட அந்த வாசலும் கலைந்தது. பட்டணத்து அடுக்கு வீட்டில் அண்டை வீட்டார் முகமே தெரியாமல் வாழ்கிறோம். தோட்டத்தில் இழந்த அந்த வாசலைத் திரும்பப் பெற நமக்கு எஞ்சியிருக்கும் பொதுவான இடம், ஊர் நூலகம்.

ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். எந்த நூல் எத்தனை முறை இரவல் போயிற்று என்பதை நூலகர் கணக்கு வைக்கிறார். கேட்பார் இருந்தால் நூல் வாங்க அவர் காரணம் காட்ட முடியும். தூசி படிந்த அலமாரிக்குப் புதிய நூல் கேட்க அவரால் எப்படி முடியும்? தமிழ் அலமாரி வளர்வதும் சுருங்குவதும் ஓரளவுக்கு நம் கையில்தான் இருக்கிறது. உறுப்பினராகச் சேருவதும், இல்லாத நூலை எழுதிக் கேட்பதும், எடுத்த நூலைக் காலத்தில் திருப்பித் தருவதும் சிறு செயல்கள். ஆனால் நூலகம் உயிரோடு இருப்பது இவற்றால்தான்.

கதை நேரம் நடக்கும் நாளில் பிள்ளையை மட்டும் அனுப்பாமல் பாட்டியையும் அழைத்துப் போகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கதை கேட்கத் தெரியும், கதை சொல்லவும் தெரியும். நூலாசிரியரை அழைக்கும் கூட்டம் என்றால், அவருடைய நூலில் ஒன்றையாவது முன்கூட்டியே நாலு குடும்பங்கள் சேர்ந்து படித்துவிட்டுப் போவது நல்லது. மாலை போட்டுப் பேச்சுக் கேட்டுக் கலைவதை மட்டும் அரங்கேற்றம் என்று சொல்ல முடியாது. "இந்தக் கதையில் வரும் தாய் ஏன் அப்படிச் செய்தாள்?" என்று பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் எழுந்து கேட்கிறாரே, அப்போதுதான் அந்த நூல் உண்மையில் அரங்கேறுகிறது. பாண்டியன் அவையில் கிடைக்காத இடம் இன்று அவருக்கு உண்டு.

சட்டம் வருவதற்கு முன்பே மன்னார்குடியில் வண்டி புறப்பட்டது. முதலாளி கொடுக்காதபோதும் ஹவானாத் தொழிலாளி கூலியில் மிச்சம் பிடித்துக் கதை கேட்டார். கட்டடமே இல்லாதபோதும் நம் தாத்தாமார் லயத்து வாசலில் கூடினார்கள். இன்று கட்டடம் இருக்கிறது, நூல் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. போய் அமர வேண்டியது நாம்தான். வரும் விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஊர் நூலகத்துக்குப் போவோமாக.