பூட்டிய பாடம் பிறந்த கதை

இணையவழிக் கற்றல் தளமான எல்.எம்.எஸ்ஸில் மூன்றாம் பாடத்தைத் தட்டினால் அது திறப்பதில்லை. பெயர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கீழே ஒரு வரி: இரண்டாம் பாடத்தின் கேள்விகளுக்கு இவ்வளவு புள்ளி எடுத்த பிறகே இது கிடைக்கும். பொத்துவிலில் வீட்டுக்குள் இருந்து போனில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பழகிப்போன பூட்டு. வாத்தியாருக்கு நம்மில் நம்பிக்கை இல்லை, அதனால்தான் பூட்டிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறந்த கதை வேறு.

ஒன்றை முடித்தே அடுத்ததுக்குப் போகும் வரிசை நமது கரைக்குப் புதிதல்ல. குர்ஆன் மதரஸாவில் அலிஃப், பே தெரியாத பிள்ளையை எழுத்துக் கூட்ட விடமாட்டார்கள். எழுத்துக் கூட்ட வராமல் அம்ம ஜுஸ்உவுக்குப் போக முடியாது. கொடுத்த பாடத்தை ஓதிக்காட்டி, ஓதிக்கொடுக்கும் லெப்பை சரியென்றால்தான் அடுத்தது. ஒரே பாயில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு இடங்களில் ஓதிக்கொண்டிருப்பார்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. பாடசாலை வகுப்பறையில் அந்த வசதி இல்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே பக்கம். பின்னம் விளங்காத பிள்ளையும் மறுநாள் விகிதத்துக்குப் போயே ஆகவேண்டும்.

இந்தக் குறையைப் பொறியால் தீர்க்கலாம் என்று முதலில் இறங்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி. 1920களில் அவர் செய்த கருவியில் சிறு சாளரம் ஒன்றில் கேள்வி தெரியும். பக்கத்தில் நான்கு விசைகள். பரீட்சை நடத்தும்போது எதை அழுத்தினாலும் அடுத்த கேள்வி வந்துவிடும். ஒரு நெம்பை மாற்றிவிட்டால் சரியான விசையை அழுத்தும்வரை கேள்வி நகராது. இன்றைய பூட்டின் முதல் உருவம் அந்த நெம்பு என்றே நான் சொல்வேன். 1926இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு பொருளாதார மந்தம் வந்தது, வாங்க ஆளில்லை. 1932இல் வருத்தத்தோடு அந்த வேலையைக் கைவிட்டார்.

1953 நவம்பரில் இன்னொரு உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் போனார். கணக்கை முடித்த பிள்ளை சும்மா இருந்தது, முடியாத பிள்ளை தவித்தது. செய்தது சரியா பிழையா என்று இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த இடத்தில் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் தானும் ஒரு கற்பிக்கும் பொறி செய்யத் தொடங்கினார். பாடத்தைச் சின்னச் சின்ன அடிகளாக நறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். எல்லோருக்கும் ஒரே பாதைதான், ஆனால் நடக்கும் வேகம் அவரவருடையது. இதே வேலையில் இறங்கிய நோர்மன் குரவுடருக்கு அந்த ஒற்றைப் பாதை போதவில்லை. அவர் எழுதிய புத்தகங்களில் பிழையான விடையைத் தெரிந்தெடுத்தால் வேறொரு பக்கத்துக்கு அனுப்புவார்கள்; அந்தப் பக்கம் நீங்கள் எங்கே பிழைத்தீர்கள் என்று விளக்கி, மறுபடி கேள்விக்கே கூட்டிவரும்.

இந்தக் கதையில் என் மனதுக்கு நெருக்கமானவர் உளவியலாளர் ஃபிரெட் கெல்லர். 1964இல் பிரேசிலின் தலைநகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் சகாக்களோடு ஒரு முறையைத் தொடங்கி, 1968இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பாடநெறியை அலகுகளாகப் பிரிப்பார்கள். ஓர் அலகை முழுதாகக் கற்றதைக் காட்டினால்தான் அடுத்த அலகின் தாள் கைக்கு வரும். காட்ட முடியாவிட்டால் புள்ளி குறையாது, தண்டனையும் இல்லை. படித்துவிட்டு மறுபடி வரலாம், எத்தனை முறையானாலும் வரலாம். முந்திப் படித்துத் தேறிய மாணவர்கள் பக்கத்தில் இருந்து விளக்குவார்கள். தோற்றவனைத் தள்ளிவிடாமல் காத்திருக்கிற பூட்டு அது. இந்தக் காத்திருத்தல் இல்லையென்றால் பூட்டில் மிஞ்சுவது தடை மட்டும்தான்.

கணினிக்கு வந்தபோது இந்த எண்ணம் கொஞ்சம் சிக்கலானது. பாடப்பொதிகளின் வரிசையை எழுதிவைக்க 2003, 2004இல் வந்த தரவிதிகள் மிகப் பெரியவை. அவற்றை முழுதாகப் பயன்படுத்தியவர்கள் கொஞ்சப் பேர்தான். சாதாரண ஆசிரியரின் கைக்கு இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது மூடுல் என்ற எல்.எம்.எஸ். அதை உருவாக்கிய மார்ட்டின் டூஜியாமஸ் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். வானொலியில் பாடம் கேட்டுப் படித்த பிள்ளை. தூரத்திலிருந்து படிப்பதென்றால் என்னவென்று அறிந்தவர் கையில் அது பிறந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். 2002இல் முதற்பதிப்பு வந்தது. நிபந்தனையோடு திறக்கும் வசதி 2010 நவம்பரில், இரண்டாம் பதிப்போடு வந்தது. அதை எழுதிக் கொடுத்தது பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம். அப்போது வைத்த நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேற வேண்டும். 2014இல்தான் ‘இது அல்லது அது’ என்று வைக்க முடிந்தது.

அந்த வசதியில் நிபந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் இருக்கிறது. கண் திறந்திருந்தால் பூட்டிய பாடத்தின் பெயரும் அது ஏன் பூட்டியிருக்கிறது என்பதும் மாணவருக்குத் தெரியும். மூடிவிட்டால் அப்படியொரு பாடம் இருப்பதே தெரியாது. பாடம் அமைக்கிறவர்களிடம் நான் கேட்பது அந்தக் கண்ணைத் திறந்து வையுங்கள் என்பதுதான். முன்னால் எவ்வளவு தூரம் இருக்கிறதென்று தெரியாமல் நடக்கச் சொல்வது கொடுமை.

இன்னொன்று பொத்துவிலில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். நம் வீட்டு இணையப் பொதிகள் பலவற்றில் டேட்டாவில் ஒரு பகுதி இரவுக்கென்றே ஒதுக்கியது. நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம். அந்த நேரத்தில் வாரப் பாடங்களை இறக்கி வைத்துப் பகலில் படிக்கலாம் என்றால், பூட்டிய பாடம் இறங்காது. மூடுல் செயலியில் இணைப்பில்லாமல் கேள்விகளுக்கு விடை எழுத ஆசிரியர் அனுமதித்திருந்தாலும், அது சேவைக்கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புள்ளி, புள்ளி வந்த பிறகுதான் அடுத்த பாடம். சிக்னல் நிலையாக இருக்கும் ஊரில் அது சில விநாடி வேலை. இங்கே ஒரு நாள் போய்விடும்.

இதற்கு வழி அந்த வசதிக்குள்ளேயே இருக்கிறது. பூட்டு பாடநெறி முழுவதுக்கும் ஒன்றல்ல, ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு பரீட்சைக்கும் தனித்தனியாகப் போடலாம். குறிப்புகளையும் காணொளிகளையும் திறந்து விட்டுப் பரீட்சைகளை மட்டும் வரிசைப்படுத்தலாம். பின்னம் தெரியாமல் விகிதம் ஏறாது என்ற இடத்தில் பூட்டுப் போடத்தான் வேண்டும். அங்கேயும் 2014இல் வந்த ‘அல்லது’ கை கொடுக்கும்: முந்திய பரீட்சையில் புள்ளி எடுத்திருந்தால் திறக்கும், அல்லது இன்ன திகதி வந்தால் எல்லோருக்கும் திறக்கும்.