வட்டாவைச் சுற்றி

1905இல் பொஸ்டன் நகர வைத்தியர் ஜோசப் பிராட், சனட்டோரியம் போக வசதியற்ற காசநோயாளரை வாரந்தோறும் கூட்டினார். நோயைப் பற்றிப் போதிக்கத்தான் கூட்டினார். ஒருவர் தேறுவதை மற்றவர் கண்டதும் மருந்தாயிற்று. குழு உளச்சிகிச்சையின் வரலாறு அங்கிருந்தே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் பர்மிங்காமின் நோர்த்ஃபீல்ட் இராணுவ வைத்தியசாலை அதை வளர்த்தது.

கல்முனைக்குடிக்கு 'கவுன்சிலிங்' என்ற சொல் 2004 டிசம்பர் 26க்குப் பின்னர்தான் பரவலாக வந்தது. கதிரைகளை வட்டமாகப் போட்டு, "உங்கட கவலையச் சொல்லுங்க" என்றார்கள். மகனின் மையித்தும் கிடைக்காத என் மாமி வாய் திறக்கவில்லை. முறையில் பிழையில்லை, கேட்டவர்கள் அந்நியர், அவசரக்காரர்.

மாதங்கள் கழித்து, பிள்ளை பறிகொடுத்த மூன்று பெண்களோடு வெத்திலை வட்டாவைச் சுற்றி இருந்தபோது மாமி சொன்னார்: "அவன்ட சேட்டக் கழுவாம வெச்சிருக்கன்."

"நானுந்தான் ராத்தா."