தள்ளாடுகிறவர் எல்லாம் குடிகாரர் இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து, விளக்கில்லாத சாலையில் ஒருத்தர் தள்ளாடி நடந்தால் பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க? "சரக்கு உள்ளே போயிருக்கு"ன்னுதான். ஆனால் அந்தத் தள்ளாட்டத்துக்கு ஒரு மருந்தும் காரணமாக இருக்கலாம். காசநோயிலிருந்து லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய ஸ்ட்ரெப்டோமைசின்தான் அது.

முதலில் காது. நம்ம செல்போனில் கைரோஸ்கோப், ஆக்சிலரோமீட்டர் என்று இரண்டு சென்சார்கள் இருக்கு இல்லையா? உள்காதிலும் அதே ஏற்பாடுதான். மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைச் சொல்லும். இரண்டு சின்னப் பைகளில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் தலையின் சாய்வையும், நாம் நேர்கோட்டில் நகர்வதையும் சொல்லும். இரண்டிலும் அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுபவை மயிரிழைச் செல்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கொல்வது இவற்றைத்தான். செத்தவை போதிய அளவு மறுபடி வளர்வதில்லை.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் இந்த மருந்தைப் பிரித்தெடுத்தார். நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தலைசுற்றல், தள்ளாட்டம் பற்றிய குறிப்புகள் வந்துவிட்டன. 1952இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு டாக்டர் தன் சொந்த அனுபவத்தை எழுதினார். இந்த ஊசியால் சமநிலைப் புலனை இழந்தவர் அவர். படுத்துக்கொண்டு படிக்கக்கூட, கட்டில் கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கி வைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் நாடித்துடிப்புக்கே எழுத்துகள் குதித்தன.

அடுத்து நம்ம ஊர். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம் 1964இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. வாரம் இரண்டு முறை, ஊழியர் கண்முன்னால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநியாசிட் மாத்திரையும் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்று அது காட்டியது. கண்முன்னால் மருந்து கொடுக்கும் அந்த முறைதான் பின்னாளில் 'டாட்ஸ்' ஆச்சு. 1999இல் திருவள்ளூர் மாவட்டத்திலும் டாட்ஸ் வந்தது. அன்றைய தேசியத் திட்டத்தில், நோய் திரும்பி வந்தவர்களுக்கு இரண்டு மாதத்தில் 24 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள். அந்த மறுசிகிச்சை முறையை இனி தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் சொன்னது.

கணக்குப் போட்டால் மருந்து பக்கம்தான் நியாயம் இருக்கு. காசநோய் கொல்லும், தள்ளாட்டம் கொல்லாது. ஆனால் விலை யார் தலையில் விழுந்தது என்பதையும் எழுதி வைக்கணும். காதின் செய்தி நின்றுபோனால் மூளை கண்ணையும் பாதத்தையும் வைத்துச் சமாளிக்கும். அதனால் பகலில், சமதளத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. இருட்டில், மணலில், சாரத்தில் ஏறும்போதுதான் தெரியும். மேஜையில் உட்கார்ந்து வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். உயரத்தில் வெல்டிங் செய்கிறவருக்கு அது வேலையையே பறிக்கும்.

இது பழங்கதையும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின் வேறு நோய்களுக்கு இன்றும் ஊசியாகப் போடப்படுகிறது. அதுவும் இதே செல்களைத்தான் தாக்கும். இரண்டு காதும் சேர்ந்து பாதிக்கப்படும்போது பலருக்குத் தலை சுற்றுவதே இல்லை. "நடந்தா போர்டு எழுத்து ஆடுது, இருட்டுல கால் நிக்கல" என்றுதான் சொல்வாங்க. இந்த ஊசிகள் போட்டவர் வீட்டில் அப்படிச் சொன்னால், அலட்சியப்படுத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்க. சீக்கிரம் தெரிந்தால் மருந்தை மாற்ற வாய்ப்பிருக்கு.