தீச்சுவர் வளர்ந்த வரலாறு

மனிதன் பொருள் தேடத் தொடங்கிய காலந்தொட்டே அப்பொருளுக்கு அரணும் தேடி வந்திருக்கிறான். கல்லாலும் மண்ணாலும் மதில் எழுப்பினான். மதிலைச் சூழ அகழி தோண்டினான். மதிலில் வாயில் அமைத்து, வாயிலிற் காவலனை நிறுத்தினான். இக்காலத்துப் பெரும்பொருள்களுள் ஒன்று செய்தி. வங்கிக் கணக்கும், மருத்துவமனையின் நோயாளர் பதிவும், பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறும் இன்று தரவுத்தளம் எனப்படும் மின்னேடுகளில் அடங்கியுள்ளன. அவ்வேடுகளைச் சூழ எழுந்த மதிலின் வரலாறு அறியத்தக்கது.

அம்மதிலை ஆங்கிலத்தில் 'பயர்வோல்' என்பர். தமிழில் தீச்சுவர் எனலாம். பெயர் கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஒரு கட்டடத்திற் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாதவாறு இடையே எழுப்பப்படும் தடித்த சுவருக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. கணினிகளுக்கு அத்தகைய சுவரின் தேவை தொடக்கத்தில் பெரிதாக உணரப்படவில்லை. 1969இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்புத் தொடங்கியபோது அதிற் சேர்ந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளருமே. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரிலே கதவுக்குத் தாழ் எதற்கு?

அந்த நம்பிக்கை 1988 நவம்பர் 2ஆம் நாள் குலைந்தது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான றொபேர்ட் மொரிஸ் எழுதிய சிறு நிரலொன்று, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு கணினிக்குக் கணினி தாவிற்று. அது எந்த ஏட்டையும் அழிக்கவில்லை. ஆயினும் ஒரே கணினியிற் பன்முறை புகுந்து அதனைத் திணறடித்தது. அன்று இணையத்தில் இருந்த ஏறக்குறைய 60,000 கணினிகளுள் 6,000 வரை பாதிக்கப்பட்டன என மதிப்பிட்டனர். சிற்றூர் நகரமாகிவிட்டது என்பதை அன்றே உலகம் உணர்ந்தது.

அடுத்த ஆண்டிலே, டிஜிற்றல் இக்குவிப்மென்ற் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெப்ரி மோகல், பொதிகளை வடிகட்டும் முறை ஒன்றை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். வலையமைப்பில் எச்செய்தியும் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்லும். ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்பும் கணினியின் முகவரியும், பெறும் கணினியின் முகவரியும், அது புகவேண்டிய வாயிலின் எண்ணும் இருக்கும். தபாற் கந்தோரிலே கடிதம் பிரிப்பவர் உறையை உடைப்பதில்லை. மேலுள்ள முகவரியையே பார்க்கிறார். வடிகட்டியும் அவ்வாறே முகவரியைப் பார்த்து, எழுதிவைத்த விதிகளோடு ஒப்பிட்டு, பொதியை உள்ளே விடும், அல்லது தள்ளிவிடும்.

இவ்விதிகளை எழுதுவோரிடையே இருவகைக் கொள்கைகள் தோன்றின. விலக்கப்படாதவை யாவும் அனுமதிக்கப்பட்டவை என்பது ஒன்று. அனுமதிக்கப்படாதவை யாவும் விலக்கப்பட்டவை என்பது மற்றொன்று. முன்னது வசதியானது, பின்னது பாதுகாப்பானது. தீங்கிழைப்போர் அனைவரையும் முன்கூட்டியே பட்டியலிட எவராலும் இயலாது. வரவேண்டிய விருந்தினரைப் பட்டியலிடுதல் எளிது. பெல் ஆய்வுக்கூடத்து வில்லியம் செஸ்விக், 1990இல் தம் நிறுவனத்தின் நுழைவாயிலைப் பற்றி எழுதியபோது, வன்மையான ஓட்டுக்குள் மென்மையான பண்டம் இருப்பது போன்றது அவ்வமைப்பு என்னும் கருத்தைக் கூறினார். ஓடு எங்கேனும் ஓரிடத்தில் உடைந்தால் உள்ளே தடையில்லை என்ற எச்சரிக்கை அதில் அடங்கியிருந்தது.

அவ்வெச்சரிக்கையின் உண்மை 2003 ஜனவரி 25ஆம் நாள் வெளிப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளில் இருந்த குறையொன்றைப் பற்றிக்கொண்டு, 'ஸ்லாமர்' என்னும் புழு பரவிற்று. அதன் அளவு 376 பைற்றுகள் மட்டுமே. தொடக்கத்தில் அது 8.5 விநாடிக்கு ஒரு முறை இரட்டித்தது. பத்து நிமிடத்துக்குள் தாக்கத்தக்க கணினிகளுள் பத்தில் ஒன்பது பங்கினைப் பிடித்தது. குறைந்தது 75,000 கணினிகள் அதற்கு இரையாயின. குறையை நீக்கும் திருத்தமோ 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது! புழு புகுந்தது 1434ஆம் எண் வாயிலால். அதனைப் பொது இணையத்துக்கு அடைத்திருந்த இடங்களில் அவ்வழியே அது நுழைய முடியவில்லை.

எனினும் வாயிலை அடைத்தோரெல்லாம் தப்பினாரல்லர். ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் தீச்சுவர் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து வந்த இணைப்பொன்று அச்சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றிருந்தது. அவ்வழியே புழு புகுந்து, பாதுகாப்பு நிலையைக் காட்டும் கணினியை ஐந்து மணிநேரத்துக்கு அண்மையாக முடக்கிற்று. அப்போது உலை இயங்காதிருந்தமை நல்வாய்ப்பே. முன்வாயிலுக்குக் காவல் வைத்துக் கொல்லைக் கதவை மறந்த கதை இது.

பின்னர் மதிலின் இடமே மாறியது. 2006இல் அமெசன் நிறுவனம் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2009இல் தரவுத்தளத்தையும் அவ்வாறு வழங்கிற்று. 2010இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் அத்தகைய சேவையைத் தொடங்கிற்று. இதனை முகிற் கணிமை என்பர். ஏட்டின் உடைமையாளர் ஓரிடத்தில் இருப்பார். ஏட்டைத் தாங்கும் கணினி கடல் கடந்த கட்டடமொன்றில் இருக்கும். அவர் அதனருகே செல்ல இயலாது. அவ்வாறாயின் வாயிலை எவ்வாறு திறப்பது, எவ்வாறு அடைப்பது?

இதற்கு விடையாக அமைந்ததே ஏ.பி.ஐ. எனப்படும் முறை. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் வேலை கேட்பதற்கு வகுக்கப்பட்ட ஒழுங்கு அது. கந்தோரிலே உரிய படிவத்தை நிரப்பி, கையொப்பமிட்டு ஒப்படைப்பதை ஒத்தது. மைக்ரோசொப்ட் சேவையில், புதிதாகத் தோன்றும் தரவுத்தளச் சேவையகத்தின் தீச்சுவர் வெளியார் அனைவருக்கும் அடைத்தே இருக்கும். எவரையேனும் அனுமதிக்க வேண்டுமாயின், விதிக்கு ஒரு பெயரும், முகவரி வரிசையின் தொடக்கமும் முடிவும் எழுதி அனுப்ப வேண்டும். எழுதுதல், பட்டியலைக் கேட்டுப் பெறுதல், நீக்குதல் ஆகிய மூன்றே முதன்மைக் கட்டளைகள். கட்டளையிடுபவர் உரிமையுடையவர் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். விதி நடைமுறைக்கு வர ஐந்து நிமிடம் வரை செல்லலாம்.

இவ்வெளிமையிலேதான் இடரும் உறைகிறது. தொடக்கத்தில் 0.0.0.0 என்றும் முடிவில் 255.255.255.255 என்றும் ஒருவர் எழுதிவிட்டால், 400 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு, அதாவது உலகம் முழுவதற்கும், வாயில் திறந்துவிடும். இரண்டிலும் 0.0.0.0 என எழுதினாலோ அதே முகிலில் இயங்கும் பிறருடைய கணினிகளுக்கும் வழி திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்பாலும் தடையாய் நிற்கும் என்பது உண்மையே. ஆயினும் வேலை அவசரத்தில் ஒரு நாளுக்கெனத் திறந்த வாயில் பின்னர் மறக்கப்படுவதே பெருங்கேடு. மறதிக்கு விலை என்ன என்பதை 2017ஆம் ஆண்டின் தொடக்கம் காட்டிற்று. கடவுச்சொல்லுமின்றி இணையத்துக்குத் திறந்து கிடந்த பல்லாயிரம் மொங்கோ தரவுத்தளங்களைக் கயவர் துடைத்தழித்து, மீட்புப் பணம் கேட்டனர். பணம் கொடுத்தோர் பலருக்கும் ஏடு திரும்பவில்லை. அழித்தோர் அதனைப் படியெடுத்தே வைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த அம்மென்பொருளின் பதிப்பு, உடைமையாளர் வேறாகக் கூறாதவரை, தான் இருக்கும் கணினிக்கு மட்டுமே செவிசாய்க்குமாறு அமைக்கப்பட்டது. அடைத்தலே இயல்பு, திறத்தல் விலக்கு என்னும் பழைய பாடம் மீண்டும் ஏற்கப்பட்டது.

நோய்க்குக் காரணமான எளிமையே மருந்துமாகும். பட்டியலைக் கேட்டுப் பெறும் கட்டளையை நாள்தோறும் ஒரு நிரலே அனுப்பலாம். இருக்கவேண்டிய விதிகளைத் தனிக் கோவையில் எழுதி, மற்றொருவர் சரிபார்த்த பின்னர், இருப்பதையும் இருக்கவேண்டியதையும் ஒப்பிட்டு, மிகுதியை நீக்கலாம். எவர் எப்போது எதைத் திறந்தார் என்பதும் பதிவில் நிற்கும். ஆனால் அக்கட்டளைகளை இடும் உரிமைச்சீட்டு இப்போது கோட்டையின் திறப்பாகிவிட்டது. அதனை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தல், கதவைப் பூட்டித் திறப்பை வாசலிலே தொங்கவிடுவது போலாகும்.

திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். மதிலின் உயரமும் அகலமும் உறுதியும் பேசிய அவர், எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் செயற்றிறம் இல்லாரிடத்து அஃது அரணாகாது என்னும் கருத்தோடு அவ்வதிகாரத்தை முடித்தார். கல்மதில் போய் விதிமதில் வந்த இக்காலத்திலும் அம்முடிவு மாறவில்லை. விதியை நிறைவேற்றுவது பொறி. திறந்த வாயிலை நினைவில் வைத்து அடைக்க வேண்டியவன் மனிதன்.