படுக்கை தந்தவர்கள்

இரண்டு மரங்களுக்கு நடுவே வலைப் படுக்கையைக் கட்டிக்கொண்டு, ஆடியபடியே ஒரு நாவல் படிக்க யாருக்குத்தான் ஆசையில்லை? எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் படுக்கைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

1492 அக்டோபரில், பஹாமாத் தீவு ஒன்றில் கொலம்பஸின் ஆட்கள் தண்ணீர் எடுக்கப் போனார்கள். வீடுகளுக்குள்ளே பருத்தி வலை போன்ற படுக்கைகளைக் கண்டதாக வந்து சொன்னார்கள். 'ஹமாக்கா' என்பது அங்கே வாழ்ந்த டைனோ மக்களின் சொல். 1597-இல் ஆங்கிலக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. கப்பல் உத்தரத்தில் கொக்கி. ஆளுக்கு 14 அங்குல இடம்!

தூணும் உத்தரமும் உயிரற்ற மரம். கயிறு அழுந்தினாலும் கவலையில்லை. உயிருள்ள மரம் அப்படியா? பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான மால்பீகி, கிளையில் வளையமாகப் பட்டையை உரித்துப் பார்த்தார். வெட்டுக்கு மேலே வீங்கிற்று. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையின் உட்புறந்தான். மெல்லிய கயிறு நம் பாரத்தோடு அழுந்தி, ஆட ஆட அறுப்பது அந்த வழியைத்தான்.

ஆகவே, முற்றிய பருமனான மரமாகப் பார்த்து, அகலமான நாடாவைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி வேண்டாம். எழுந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

படுக்கை தந்த டைனோ மக்களை, வந்த விருந்தாளிகள் வாழவிடவில்லை. கட்டாய உழைப்பும் பெரியம்மையும் சில பத்து வருஷங்களில் அவர்களைச் சிதைத்துவிட்டன. நிழல் தரும் மரத்திடமாவது நாம் நல்ல விருந்தாளியாக நடந்துகொள்ளலாம்.