நாலரை ஏக்கரும் 600 பாட்டிலும்

புனேவுக்கு வேலைக்கு வருகிற எல்லாரையும் போல என்னையும் நாசிக் திராட்சைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒயின் குடிப்பவன் இல்லை (வீட்டில் இந்தப் பதிவைப் படிப்பார்கள் :-)). கொடியின் அடியில் முடிச்சு மாதிரி இருந்தது, என்னவென்று கேட்டேன். ஒட்டு! நம்மூர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். மேலே வேண்டிய திராட்சை, கீழே டாக்ரிட்ஜ் என்கிற அமெரிக்க வேர். அங்கே அது உப்புக்கும் வறட்சிக்கும் தாங்குவதற்காக. பிரான்சில் காரணம் வேறு. அதைத் தேடிப் போய்த்தான் ரோமானே-கோந்தி கதையில் விழுந்தேன்.

பிரான்சின் பர்கண்டி பகுதியில் வோன்-ரோமானே என்று ஒரு சின்ன கிராமம். அங்கே இருக்கிற ஒரு துண்டு நிலம்தான் ரோமானே-கோந்தி. மொத்தமே 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். பினோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சை. 1760-ல் கோந்தி இளவரசர் வாங்கினார். புரட்சி வந்து நிலத்தைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். இளவரசர் குடும்பத்திடமிருந்து நிலம் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ஃபிலாக்ஸெரா என்ற பேன் மாதிரியான பூச்சி பிரான்சுக்குள் நுழைந்தது. வேரைத் தின்னும். ஊர் ஊராகத் தோட்டங்கள் செத்தன. கடைசியில் கண்டுபிடித்த வைத்தியம், அந்தப் பூச்சிக்குப் பழகிப்போன அமெரிக்க வேரிலேயே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவது. முணுமுணுத்துக்கொண்டே பிரான்ஸ் முழுக்க ஒட்டுக்கு மாறியது.

ரோமானே-கோந்தி மாறவில்லை. அங்கே பரம்பரையாகப் பதியம் போட்டே கொடி வளர்த்தார்கள். பழைய கொடியை வளைத்து மண்ணில் புதைத்தால் வேர்விட்டுப் புதுக்கொடி வரும் (நம் வீட்டு மல்லிகைக்குச் செய்வதேதான்). அப்படியென்றால் அந்தக் கொடிகள் தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் தொடர்ந்து வந்தவை. விடுவார்களா? கார்பன் டை சல்ஃபைடு என்ற நாற்றம் பிடித்த, சட்டென்று தீப்பற்றும் விஷத்தை ஊசி போடுவதுபோல் மண்ணுக்குள் செலுத்திச் செலுத்திப் பூச்சியைத் தள்ளி வைத்தார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, அரை நூற்றாண்டுக்கு மேல்!

இரண்டாம் உலகப்போர் வந்தது. மருந்தும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கொடிகள் சோர்ந்துபோயின. 1945 வசந்தத்தில் உறைபனி வேறு. சாதாரணமாக ஐந்தாறாயிரம் பாட்டில் தரும் நிலம் அந்த அறுவடையில் தந்தது சுமார் 600. அதற்குப் பிறகு எல்லாக் கொடிகளையும் பிடுங்கிவிட்டார்கள். 1947-ல் பக்கத்திலிருக்கும் தங்களுடைய இன்னொரு தோட்டமான லா தாஷிலிருந்து குச்சி எடுத்து, அமெரிக்க வேரில் ஒட்டி நட்டார்கள். 1946 முதல் 1951 வரை ரோமானே-கோந்தி என்ற பெயரில் ஒயினே கிடையாது. இளங்கொடிப் பழத்தில் செய்து அந்தப் பெயரை ஒட்டி விற்றிருக்கலாம், வாங்க ஆள் இருந்திருக்கும். செய்யவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். அத்தனை காலம் பிடிவாதம் பிடித்ததைவிட, கையை விட்டதற்குத்தான் அதிக தைரியம் வேண்டும் என்று படுகிறது.

இப்போது கேள்வி. ருசி மண்ணிலா, வேரிலா? பர்கண்டிக்காரர்களைக் கேட்டால் மண் என்பார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர், தனித்தரம் என்று அவர்களுடைய ஏற்பாடே அதன் மேல்தான் நிற்கிறது. அது சரியென்றால் 1952-ல் ஒட்டுக்கொடியிலிருந்து வந்ததும் அதே ரோமானே-கோந்திதான். ஆனால் பணம் வைத்திருக்கிற சேகரிப்பாளர்கள் துரத்துவது 1945-ஐ. பழைய வேரின் கடைசி ஒயின் அல்லவா?

துரத்தல் இருந்தால் போலியும் வரும். ருடி குர்னியவான் என்ற ஒயின் வியாபாரியை இந்தத் தோட்டத்தின் மேல் இருந்த மோகத்தால் 'டாக்டர் கோந்தி' என்றே அழைத்தார்கள். 2012-ல் கலிஃபோர்னியாவில் அவர் வீட்டைச் சோதித்தால் கட்டுக்கட்டாகப் பழைய லேபிள்கள், கார்க்குகள்! 2013-ல் குற்றம் நிரூபணமாகி, 2014-ல் 10 வருஷம் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதன்பின் பழைய பாட்டில் என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

2018 அக்டோபரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்துக்கு ஒரு 1945 வந்தது. பர்கண்டியின் ஒயின் வியாபாரி ராபர்ட் ட்ரூஆனின் சொந்த நிலவறையிலிருந்து நேராக வந்த பாட்டில். 32,000 டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 5,58,000 டாலருக்குப் போனது. அதே ஏலத்தில் இன்னொரு 1945-ம் இருந்தது. அது கொஞ்சம் மலிவு, 4,96,000.