பழைய பஜேரோவில் முன்சக்கர விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா?

செம்பனைத் தோட்டப் பாதைகளில் 1990களின் மிட்சுபிஷி பஜேரோவை இன்னும் காணலாம். கியர்க் கம்பியை 4எச்-க்கு மாற்றிய பிறகும் மீட்டர் பலகையில் முன்சக்கர விளக்குகள் விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தால், முன் அச்சு இணையவில்லை என்று பொருள். சேற்றில் பின்சக்கரங்கள் மட்டுமே சுழலும்.

உடனே டிரான்ஸ்பர் கியர்பெட்டியைக் கழற்றப் பட்டறையில் சம்மதிக்க வேண்டாம். 'சூப்பர் செலக்ட்' முறை கொண்ட இவ்வாகனத்தில் முன் அச்சை இணைப்பது வேக்குவம். சோலினாய்டு வால்வுகள் அதைத் திறந்துவிட, அச்சிலுள்ள ஆக்சுவேட்டர் ஒரு கம்பியை நகர்த்துகிறது. இடையில் ஓடும் ரப்பர் குழாய்கள் இன்ஜின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து வெடித்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். குழாய் மாற்றும் செலவு, கியர்பெட்டி வேலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

குழாய்கள் நன்றாக இருந்தால், கைப்பம்பு கொண்டு ஆக்சுவேட்டருக்கு வேக்குவம் கொடுத்துப் பார்க்கலாம். கம்பி நகர்ந்து அப்படியே நின்றால் கோளாறு வால்விலோ மின்கம்பியிலோ இருக்கலாம். நகர்ந்து தளர்ந்தால் உள்ளே டயாபிரம் கிழிந்திருக்கும். அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் துரு. சரளைப் பாதையில் முன்சக்கரங்கள் ஒழுங்காக இழுத்தும் விளக்கு அடங்கவில்லையா? அச்சிலுள்ள சுவிட்ச்தான் பொய் சொல்கிறது.

நடு விளக்கு அணைய மறுப்பது வேறு கதை. காய்ந்த தார்ச்சாலையில் 4எச்எல்சி-யில் ஓட்டியதாலோ, முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்ட டயர்களாலோ பற்சக்கரங்கள் இறுகியிருக்கும். கம்பியை 4எச்-க்குத் தள்ளி, நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் விடுபடும்.